கொண்டுவரப்படாத செய்தி

 

2024 செப்டம்பரில் ஒரு நாள், மக்ரிப் தொழுகைக்குப் பின் மக்தபில் பெரிய பிள்ளைகளுக்கு ஸூரத்துல் ஹுஜுராத் நடத்திக்கொண்டிருந்தேன். ஆறாம் வசனம். தீயவன் ஒருவன் ஒரு செய்தியைக் கொண்டுவந்தால் அதைத் தீர விசாரித்துக்கொள்ள வேண்டும். இல்லையேல் அறியாமையால் ஒரு கூட்டத்தாருக்குத் தீங்கிழைத்துவிட்டுப் பின்னர் வருந்த நேரும் என்பது அதன் கருத்து. வாட்ஸ்அப்பில் வருவதையெல்லாம் ஆராயாமல் பிறருக்கு அனுப்பாதீர்கள் என்று வழக்கமான அறிவுரையையும் சொல்லி முடித்தேன். முன்வரிசையிலிருந்த 13 வயதுப் பையன் கையை உயர்த்தினான்.

“ஹஸ்ரத், கொண்டுவர்ற செய்தியை விசாரிக்கணும், சரி. கொண்டுவராத செய்திய என்ன பண்றது?”

எனக்கு விளங்கவில்லை. அவனே விளக்கினான். ஆகஸ்ட் 9ஆம் நாள் கொல்கத்தாவில் ஓர் அரசு மருத்துவமனையில் பணியிலிருந்த பெண் மருத்துவர் கொடூரமாகக் கொல்லப்பட்டார். நாடே கொந்தளித்தது. ஆகஸ்ட் 17 அன்று நாடு முழுவதும் மருத்துவர்கள் வேலைநிறுத்தம் செய்தனர். எங்கள் ஊர்க் கடைத்தெருவிலும் மெழுகுவத்தி ஏந்தி நின்றார்கள். அந்த மாதம் 27ஆம் நாள் ஹரியானாவில், மேற்கு வங்கத்திலிருந்து பிழைக்கப் போய்க் குப்பை பொறுக்கி வாழ்ந்த ஒரு முஸ்லிம் இளைஞர், மாட்டிறைச்சி தின்றார் என்ற ஐயத்தின்பேரில் அடித்துக் கொல்லப்பட்டார். “அவருக்கு ஏன் ஹஸ்ரத் யாரும் மெழுகுவத்தி ஏத்தல?” என்று கேட்டான் பையன்.

மற்றப் பிள்ளைகள் என் முகத்தையே பார்த்தார்கள். “நாளைக்குச் சொல்கிறேன்” என்று கிதாபை மூடிவிட்டேன். பதில் தெரியாமல் அப்படிச் சொல்லவில்லை. கேட்டவன் யாருடைய மகன் என்பதுதான் என் நாவைக் கட்டியது. அதைப் பின்னர் சொல்கிறேன்.

நான் கோயம்புத்தூர்க்காரன், கோட்டைமேட்டில் பிறந்தவன். என் அத்தா நடைபாதையில் ஆயத்த ஆடைகள் விற்றுவந்தார். 1997 நவம்பர் இறுதியில் நான் வேலூரில் ஓதிக்கொண்டிருந்தேன். ஒரு போக்குவரத்துக் காவலர் முஸ்லிம் இளைஞர்களால் குத்திக் கொல்லப்பட்டார். அதைத் தொடர்ந்து மூண்ட கலவரத்திலும் காவல்துறையின் துப்பாக்கிச் சூட்டிலும் 18 முஸ்லிம்கள் மாண்டனர். கடைகள் சூறையாடப்பட்டன. அத்தாவின் சரக்கு முழுவதும் சாம்பலாயிற்று. ஊருக்குப் பேச எஸ்டிடி பூத்தில் இரண்டு நாள் நின்றும் இணைப்புக் கிடைக்கவில்லை. மூன்றாம் நாள் கிடைத்தபோது அம்மா ஒரே வார்த்தைதான் சொன்னார்: “உசுரோட இருக்கோம்.”

செய்தி வெளிவரவே இல்லை என்று சொன்னால் அது பொய்யாகும். நாளிதழ்களில் வந்தது. வார ஏடுகளில் விரிவாக எழுதியவர்களும் இருந்தார்கள். ஆனால் அது நாட்டின் நினைவில் ஏறவில்லை. இரண்டரை மாதங்கள் சென்றன. 1998 பிப்ரவரி 14 அன்று, தேர்தல் பரப்புரைக்காக அத்வானி வரவிருந்த நாளில், கோவையில் தொடர் குண்டுகள் வெடித்தன. 58 பேர் மாண்டனர். அன்று முதல் என் ஊருக்கு ஒரு புதிய அடைமொழி வந்தது. ரயிலில் எதிரே அமர்பவர் “எந்த ஊர் பாய்?” என்று கேட்பார். “கோயம்புத்தூர்” என்பேன். “ஓ, குண்டு வெடிச்சதே…” என்று இழுப்பார். பிறகு காலடியிலிருக்கும் என் பையை ஒருமுறை பார்ப்பார். நவம்பரைப் பற்றி ஒருவராவது கேட்டாரா என்றால், இந்த 27 ஆண்டுகளில் ஒருவரும் இல்லை.

ஒன்றை இங்கே தெளிவாகச் சொல்ல வேண்டும். அந்த 58 பேரும் குற்றமற்றவர்கள். கடைக்கு வந்தவர்கள், வேலைக்குப் போனவர்கள். அவர்களுடைய மரணம் அதிகமாகப் பேசப்பட்டது என்று முறையிட எனக்கு உரிமையில்லை. எந்த முஸ்லிமுக்கும் இல்லை. பிணங்களைத் தராசின் இரு தட்டுகளில் வைத்து எடை பார்ப்பது நம் மார்க்கம் அன்று. என் மனத்தாங்கல் வேறு. இரண்டும் ஒரே நகரத்தில், ஒரே குளிர்காலத்தில் நடந்தவை. ஒன்று பாடநூலைப் போல மனப்பாடமாயிற்று. மற்றொன்று அடிக்குறிப்பாகக்கூட நிற்கவில்லை.

பத்திரிகைத் துறையில் எனக்கு ஒரு நண்பர் இருக்கிறார். என்னோடு பள்ளியில் படித்தவர். நாளிதழ் ஒன்றில் பகுதிநேர நிருபர். செய்திக்கு இவ்வளவு என்று ஊதியம் வாங்குபவர். “இதையெல்லாம் யாரோ அறையில் உட்கார்ந்து திட்டம் போட்டுச் செய்கிறார்கள்னு நினைக்காதீங்க ஹஸ்ரத்” என்றார் அவர். குற்றச் செய்தியின் ஊற்று காவல் நிலையம். காவல்துறை செய்தியாளரை அழைத்தால், பிடிபட்டவரை முகமூடி போட்டு நிறுத்தினால், மறுநாள் முதற்பக்கம். அவரே பத்தாண்டுகள் கழித்து விடுதலையாகும்போது அழைப்பதற்கு எவரும் இல்லை. அந்தச் செய்தியைத் தேடிப் போக வேண்டும். தேடிப் போகும் பயணச் செலவை எவரும் தருவதில்லை. தேசியத் தொலைக்காட்சிகளோ தில்லியிலும் நொய்டாவிலும் இருக்கின்றன. ஒளிபரப்பு வண்டி ஒரு மணி நேரத்தில் சென்றடையும் இடத்தில் நடப்பது தேசியச் செய்தி. ரயிலேறி, பேருந்து மாறி, பிறகு நடந்து போக வேண்டிய ஊரில் நடப்பது உள்ளூர்ச் செய்தி. இதற்கு மேல் பார்வையாளர் கணக்கு. சில பத்தாயிரம் வீடுகளில் பொருத்திய கருவிகளைக் கொண்டு நாடு எதைப் பார்க்கிறது என்று முடிவுசெய்கிறார்கள். விளம்பரம் தருபவருக்கு வேண்டியது வாங்கும் சக்தியுள்ள வீடு. அந்த வீட்டார் தங்கள் மகளைப் போல் ஒருத்தி என்று எவளைக் கருதுவார்களோ அவளுடைய துயரம் நாட்டின் துயரமாகிறது.

அவர் சொன்னதில் உண்மை இருக்கிறது. 2012 டிசம்பர் 16இல் தில்லிப் பேருந்தில் ஒரு மாணவிக்கு நேர்ந்தது சட்டத்தையே மாற்றியது, மாற்றவும் வேண்டும். ஆனால் 2006 செப்டம்பர் 29இல் மகாராட்டிரத்தின் பண்டாரா மாவட்டம் கயர்லாஞ்சியில், ஒரு தலித் குடும்பத்தின் தாய், மகள், இரு மகன்கள் ஆகிய நால்வரையும் ஊரே கூடிக் கொன்றபோது, நாக்பூர்த் தெருக்களில் தலித் மக்கள் திரண்டு போராடும் வரை, ஏறத்தாழ ஒரு மாத காலம், பெரிய ஊடகங்கள் அதைத் திரும்பிப் பார்க்கவில்லை. நம் அரியலூர் மாவட்டத்தில் 2017 சனவரியில் 17 வயதுத் தலித் சிறுமியின் உடல் கிணற்றிலிருந்து எடுக்கப்பட்டது. அந்த வாரம் தமிழ்நாடே மெரினாவில் சல்லிக்கட்டுக்காகக் கூடியிருந்தது. ஒளிப்படக் கருவிகள் எல்லாம் அங்கே இருந்தன. ஆகவே, புறக்கணிக்கப்படுவோர் நாம் மட்டுமே என்று நினைப்பது ஒரு வகை அறியாமை. அண்டை வீட்டாரின் காயத்தைக் காணாத அறியாமை.

ஆயினும் நண்பர் சொன்ன தொலைவுக் கணக்கும் பணக் கணக்கும் எல்லாவற்றையும் விளக்கிவிடுவதில்லை. 2002 செப்டம்பரில் குசராத்தின் அக்ஷர்தாம் கோயிலில் நடந்த தாக்குதலை அறியாதவர் இல்லை. அவ்வழக்கில் ஆறு முஸ்லிம்கள் தண்டிக்கப்பட்டு, மூவருக்குத் தூக்கு விதிக்கப்பட்டது. அம்மூவருள் ஒருவர் முஃப்தி; என்னைப் போல் கிதாபோடு வாழ்ந்தவர். உச்சநீதிமன்றம் ஆறு பேரையும் குற்றமற்றவர்கள் என்று விடுவித்தது 2014 மே 16இல். அன்றைய தினம் நாடாளுமன்றத் தேர்தல் முடிவுகள் வெளியான தினம்! தூக்குமேடையின் விளிம்புவரை சென்று மீண்ட அந்த முஃப்திக்கு அன்று எந்தத் திரையில் இடம் கிடைத்திருக்கும்? தற்செயல்தான். ஆனால் அடுத்த நாளும் அடுத்த வாரமும் தற்செயல் அல்லவே.

2016 சூன் 24 அன்று சென்னை நுங்கம்பாக்கம் ரயில் நிலையத்தில் ஓர் இளம்பெண் வெட்டிக் கொல்லப்பட்டார். கொலையாளி யார் என்று காவல்துறைக்கே தெரியாத அந்த ஒரு வாரத்தில், அவன் முஸ்லிம்தான் என்று சமூக ஊடகங்களில் எழுதினார்கள். கைதானவர் முஸ்லிம் அல்லர். வழக்கு நடப்பதற்கு முன்பே அவரும் சிறையில் இறந்துபோனார். அவர் கைதானபோது, எழுதியவர்களுள் எத்தனை பேர் ‘தவறாக எழுதிவிட்டோம்’ என்றார்கள்? 2020 மார்ச்சில் தில்லி தப்லீக் மர்கஸ் செய்தி வெடித்தபோது எங்கள் ஊர்க் காய்கறிக்காரர் பல நாள் பள்ளிவாசல் தெருவுக்குள் வண்டியைக் கொண்டுவரவில்லை. அதே ஆண்டு ஆகஸ்டில் மும்பை உயர்நீதிமன்றத்தின் அவுரங்காபாத் அமர்வு, வெளிநாட்டிலிருந்து வந்த தப்லீக் அன்பர்கள் பலிகடா ஆக்கப்பட்டார்கள் என்றும் ஊடகங்களில் அவர்களுக்கு எதிராகப் பெரும் பரப்புரை நடந்தது என்றும் கூறி வழக்கை ரத்து செய்தது. காய்கறிக்காரருக்கு அந்தத் தீர்ப்பை நான்தான் போய்ச் சொன்னேன். “அப்படியா பாய்? எங்கூட்டு டிவியில வரலியே” என்றார். நல்ல மனிதர். அவரைக் குறைசொல்ல எனக்கு மனம் வரவில்லை.

இவ்வளவையும் மறுநாள் பிள்ளைகளுக்குச் சொல்லியிருக்கலாம். சொன்னால் அவர்கள் நெஞ்சில் எரிகிற கனலோடு வீட்டுக்குப் போயிருப்பார்கள். நான் சிறந்த ஆசிரியன் என்று பெயரும் கிடைத்திருக்கும். ஆனால் இரவெல்லாம் உறக்கம் வராமல் அன்னிஸா அத்தியாயத்தின் 105ஆம் வசனம் முதலான வசனங்களைப் புரட்டிக்கொண்டிருந்தேன். தஃப்ஸீர் நூல்களில் அவற்றின் பின்னணியாகப் பரவலாகக் கூறப்படும் நிகழ்ச்சி நம்மில் பலர் அறிந்ததே. மதீனாவில் ஒரு முஸ்லிம் வீட்டில் கவசம் களவு போயிற்று. திருடியவன் துஃமா என்பவன். அன்சாரிக் குலத்தைச் சேர்ந்தவன். மாவுப் பையில் வைத்துத் தூக்கிச் சென்றான். பையின் ஓட்டை வழியே மாவு சிந்திக்கொண்டே போயிற்று. அவன் அக்கவசத்தை ஒரு யூதரின் வீட்டில் வைத்துவிட்டான். மாவின் தடமும் அங்கேதான் முடிந்தது. துஃமாவின் குலத்தார் நபி (ஸல்) அவர்களிடம் வந்து, எங்கள் ஆளைக் காப்பாற்றுங்கள், இல்லையேல் எங்களுக்கு மானக்கேடு என்று மன்றாடினார்கள். வெளித்தோற்றச் சான்று யூதருக்கு எதிராகவே இருந்தது. அப்போது இறங்கிய வசனங்கள் அந்த யூதரின் குற்றமின்மையை நிலைநாட்டின. மோசடிக்காரர்களுக்காக வாதாடாதீர் என்று நபியையே எச்சரித்தன.

இதை எத்தனையோ ஆண்டுகளாகப் பாடம் நடத்தியிருக்கிறேன். குலத்தார் சொன்ன அந்த வார்த்தை, ‘எங்களுக்கு மானக்கேடு’ என்பது, என் வாயிலிருந்தும் வந்த வார்த்தை என்பதை அன்றிரவுதான் உணர்ந்தேன்.

2014 மே மாதம். தேர்தல் முடிவுகளுக்கு முந்திய வாரம். எங்கள் மஹல்லாவைச் சேர்ந்த ஓர் இளம்பெண் மூன்று வயதுக் குழந்தையை இடுப்பில் தூக்கிக்கொண்டு, தன் அத்தாவோடு ஜமாஅத் அலுவலகத்துக்கு வந்தாள். என்னிடம் ஓதிய பிள்ளை. வலக்கையில் மாவுக்கட்டு. கணவன் அடித்து முறித்தது. காவல் நிலையத்தில் புகார் கொடுக்கப்போவதாகவும், ஜமாஅத்துக்குச் சொல்லிவிட்டுச் செய்வது மரியாதை என்பதால் வந்ததாகவும் அவளுடைய அத்தா சொன்னார். கமிட்டியில் நானும் ஒருவன். நான்தான் பேசினேன். “போலீசுக்குப் போனா நாளைக்குப் பேப்பர்ல வரும். தலைப்பில் நம்ம சமுதாயத்தின் பேர்தான் இருக்கும். இருக்கிற நிலைமையில் அது தேவையா? நாங்க பேசி முடிக்கிறோம்.”

என் அச்சம் முழுப் பொய்யன்று. முஸ்லிம் பெண்ணின் கண்ணீர் தொலைக்காட்சிக்கு எப்போது வேண்டியிருக்கும், எப்போது வேண்டியிராது என்பதை நாம் எல்லோரும் கண்டிருக்கிறோம். ஆனால் அந்த அச்சத்தின் விலையை நான் கொடுக்கவில்லை, அவள் கொடுத்தாள். கணவனை அழைத்துக் கண்டித்தோம். இனி அடிக்க மாட்டேன் என்று எழுதி வாங்கினோம். அந்தத் தாளைக்கூடப் பதிவேட்டில் ஒட்டவில்லை. வெளியே தெரிய வேண்டாமே என்று. அவ்வாண்டு ரமலானில், சஹருக்குச் சோறு ஆறிப்போயிருந்தது என்று அவன் அறைந்ததில் அவளுடைய இடச்செவியின் சவ்வு கிழிந்தது. அதன்பின் அவள் குல்உ பெற்றுத் தாய்வீடு சேர்ந்தாள். அதற்கும் காவல் நிலையம் போகவில்லை. அந்த மனிதன் வேறு மாவட்டத்தில் மறுமணம் செய்துகொள்ள முனைந்தபோது அவ்வூர் ஜமாஅத் முறைப்படி எங்களிடம் கடிதம் கேட்டது. பதிவேட்டில் எதுவும் இல்லை. ஆட்சேபனையில்லை என்று எழுதிக் கொடுத்தோம். அதில் என் கையெழுத்தும் இருக்கிறது.

அக்ஷர்தாம் தீர்ப்பை எவரும் எழுதவில்லையே என்று ஜும்ஆ பயானில் நான் குமுறியதும் அதே மே மாதத்தில்தான்.

இடுப்பிலிருந்த குழந்தை இப்போது 13 வயதுப் பையன், முன்வரிசையில் இருக்கிறான். அவனை விட வரும்போது அவன் தாய், நான் பேசுவதைக் கேட்பதற்காகத் தலையைச் சற்றுத் திருப்பி வலச்செவியைக் காட்டுவாள். பல ஆண்டுகளாக அதைப் பார்த்தும் பாராதவனாக இருந்திருக்கிறேன்.

மறுநாள் வகுப்பில் அவனுக்கு இப்படித்தான் சொன்னேன்: “நீ கேட்டது சரியான கேள்வி. சில செய்திகளைப் பெரிய ஊடகங்கள் கொண்டுவருவதில்லை. ஏன் என்று சில காரணங்கள் எனக்குத் தெரியும், சொல்கிறேன். சில செய்திகளை நாமும் கொண்டுவருவதில்லை. அதையும் ஒரு நாள் சொல்வேன்.” பிறகு கயர்லாஞ்சியைப் பற்றியும், சம்மு காஷ்மீரின் கதுவாவில் 2018 சனவரியில் கொல்லப்பட்ட எட்டு வயது பக்கர்வால் சிறுமியைப் பற்றியும் சொன்னேன். அந்தக் குழந்தையின் செய்தி நாட்டை எட்டுவதற்கு ஏப்ரல் ஆயிற்று. குற்றப்பத்திரிகையைத் தாக்கல் செய்யவிடாமல் வழக்கறிஞர்கள் சிலர் மறித்தபோதுதான் நாடு விழித்தது. ஆனால் அந்தக் குற்றப்பத்திரிகையை எழுதிய அதிகாரிகளிலும் அவளுக்காக நீதிமன்றப் படியேறியவர்களிலும் இந்துச் சகோதரர்கள் இருந்தார்கள் என்பதையும் சேர்த்தே சொன்னேன். பையன் கேட்டுக்கொண்டான். நிறைவடைந்தானா என்று தெரியவில்லை.

இரண்டு வாரம் கழித்து அவளுடைய தாய்வீட்டுக்குப் போனேன். அவளுடைய அத்தா மவுத்தாகி மூன்று ஆண்டுகள் ஆகின்றன. அவரிடம் மன்னிப்புக் கேட்க வழியில்லை. அவள் தையல் எந்திரத்தை நிறுத்திவிட்டு வந்தாள். 2014இல் நான் சொன்னது தவறு என்றேன். சிறிது நேரம் ஒன்றும் பேசவில்லை.

“அன்னைக்கு நீங்க போகச் சொல்லியிருந்தாக்கூட நான் போயிருப்பேனான்னு தெரியாது ஹஸ்ரத்” என்றாள். “ஆனா அத்தா போயிருப்பாரு.”

இதை எழுதலாமா என்று கேட்டேன். பெயர் வேண்டாம், ஊர் வேண்டாம் என்றாள். பிறகு, எழுந்து வரும்போது, “அந்தப் பொண்ணு எப்படி இருக்குதோ?” என்றாள். இரண்டாம் மனைவியைத்தான் கேட்டாள். எனக்குத் தெரியவில்லை. அதுவரை நான் அப்பெண்ணை நினைத்ததே இல்லை.

இதைப் படிக்கும் சிலர் வருந்துவீர்கள். சிலர் சினமும் கொள்வீர்கள். நம்மைத் தூற்றக் காத்திருப்போர் கையில் இதைக் கொடுக்கலாமா என்பீர்கள். அந்தக் கேள்விக்கு 2014இல் ஒரு பதில் சொன்னேன்; அந்தப் பதிலின் கணக்கை இங்கே எழுதியிருக்கிறேன். ஹரியானாவில் கொல்லப்பட்டவரின் இறைச்சி மாதிரியை ஆய்வகத்தில் சோதித்தபோது அது மாட்டிறைச்சி அன்று என்று தெரியவந்ததாகப் பின்னர் ஒரு சிறு செய்தி வந்தது. அதைப் பையனுக்குக் காட்டினேன். தன் குறிப்பேட்டில் தேதியிட்டு எழுதிக்கொண்டான். இப்போது அவனும் இன்னும் மூன்று பிள்ளைகளும் அப்படி ஒரு குறிப்பேடு வைத்திருக்கிறார்கள். கைதுச் செய்தி வந்த வழக்குகளின் முடிவு என்னவாயிற்று என்று தேடி எழுதுகிறார்கள். அதில் எல்லாச் சமயத்தாரின் வழக்குகளும் இருக்க வேண்டும் என்பது நான் போட்ட ஒரே நிபந்தனை.

கமிட்டிக் கூட்டம் வரும் ஞாயிறு அஸருக்குப் பின். பத்தாண்டுகளுக்கு முன் நாங்கள் கொடுத்த கடிதத்தைப் பற்றி அந்த மாவட்டத்து ஜமாஅத்துக்கு இப்போது உண்மையை எழுத வேண்டும், அப்பெண்ணின் நிலையை விசாரிக்கச் சொல்ல வேண்டும் என்று முத்தவல்லியிடம் எழுதிக் கொடுத்திருக்கிறேன். அவர் தாளை இரண்டு முறை படித்துவிட்டு, “இது தேவையா ஹஸ்ரத்?” என்று கேட்டார். பொருள் பட்டியலில் சேர்த்திருக்கிறாரா என்று வெள்ளியன்று போய்ப் பார்க்க வேண்டும்.